புயலைக் கையால் சொன்ன அக்காவுக்கு

என் ஆசை அக்கா,

இந்தக் கடிதத்தை "நீங்கள்" போட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். நாலு பேர் வாசிக்கப்போகிறார்கள், மூத்தவளை மரியாதையாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வரி எழுதிவிட்டு அழித்துவிட்டேன். எங்களுக்குள் இருந்த மொழியில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இல்லை. ஒரு விரலை எதிரில் நிற்பவரை நோக்கி நீட்டினால் முடிந்தது. ஊர் அதிகாரியான விதானையாருக்கும் அதே விரல், கோயில் ஐயருக்கும் அதே விரல், எனக்கும் அதே விரல். ஆகவே நீ என்றே எழுதுகிறேன். கோபிக்கமாட்டாய் என்று தெரியும்.

வாசிக்கிறவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொல்லவேண்டும் அல்லவா? என் அக்கா வதனி. ஊர் புங்குடுதீவு இறுப்பிட்டி. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு காது போனது. யாழ்ப்பாணத்துப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு பாடசாலையில் சில வருடம் விடுதியில் இருந்து படித்தவள். அங்கேதான் கைமொழியும் எழுத்தும் வந்தன. பிறகு சண்டை, இடம்பெயர்வு, எல்லாருக்கும் நடந்ததுதான். ஊருக்குத் திரும்பி வந்தபோது அவளோடு கையால் கதைக்க ஊரில் நான் ஒருவன்தான் இருந்தேன். மூத்த அண்ணன்மார் வெளிநாடு போனார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா தையல் மெசினோடும் நான் குறிகட்டுவான் படகுத்துறைக்கு ஓடும் மினிபஸ்ஸோடும் அந்த வீட்டில் மிஞ்சினோம்.

கடைக்கு, வங்கிக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலியாணவீட்டுக்கு, எங்கே போனாலும் நான்தான் உன் வாய். யாராவது ஒரு பகிடி சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். நீ என் கையைத் தட்டி "என்னவாம்?" என்று கேட்பாய். "ஒண்டுமில்லை, பேந்து சொல்லுறன்" என்று காட்டுவேன். நான் மட்டுமல்ல, காது கேட்கிற எல்லாரும் காது கேளாதவர்களுக்குச் சொல்லும் வசனம் அதுதான். அந்தப் "பேந்து", அந்தப் பிறகு, எப்போதாவது வந்ததா அக்கா?

பெரிய அண்ணன் கனடாவிலிருந்து உனக்கு ஒரு போன் அனுப்பியபோது நான் சிரித்தேன். "அவவுக்கு என்னத்துக்குப் போன்? ஆரோட கதைக்கப் போறா?" என்று கேட்டேன். அண்ணன் சொன்னார், "படம் பாக்கட்டும்." நீ படம் பார்க்கவில்லை. முதல் கிழமையே வீடியோக் கோல் எடுக்கப் பழகினாய்.

முதலில் அகப்பட்டவள் டிலக்சி. ஊர்காவற்றுறைப் பிள்ளை, பிறவியிலேயே காது கேளாது. அவளுடைய தாய் சட்டை தைக்கக் கொண்டுவந்தபோது கூடவே வந்தவள், அளவெடுக்கும் நேரத்தில் உன் கையைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போய் நின்றாள். தீவுப் பக்கத்திலேயே தன்னைப்போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்குச் சட்டைக்கு அளவெடுத்து முடியப் பின்னேரம் ஆகிவிட்டது.

அடுத்தவர் நெடுந்தீவு அலோசியஸ். கடற்றொழில். மீன் கொண்டுவந்து குறிகட்டுவான் துறையில் ஏற்றும்போது விலையை விரலால் பேசுவதை நான்தான் கண்டேன். வீட்டுக்கு வந்து உனக்குச் சொன்னேன். மறுநாள் காலையில் நீ என் பஸ்ஸில் முன்சீற்றில் ஏறி இருந்தாய். அவருடைய படகு வந்து கட்டும்வரை வெயிலில் நின்றாய். அவர் பாடசாலைக்கே போனதில்லை. அவருடைய கைமொழி அவரும் அவருடைய மனைவியுமாக உண்டாக்கியது. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்வதை விளங்கிக்கொள்ள முதல் நாள் பட்ட பாட்டை நான் ஸ்ரேறிங்கில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பயணிகள் என்னைத் திட்டினார்கள். "என்ன தம்பி, பஸ் வெளிக்கிடாதோ?" என்று ஒரு ஆச்சி கேட்டா. "கொஞ்சம் பொறணை, அக்கா கதைச்சுக்கொண்டு நிக்கிறா" என்றேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு நான் சொன்ன வசனம் அது!

இப்படி ஒவ்வொருவராகச் சேர்த்தாய். வேலணையில் ஒரு தம்பதி, அனலைதீவில் தோட்டம் செய்யும் ஒரு கமக்காரர், நயினாதீவில் இரண்டு சகோதரிகள். வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாய். பெயர் என்ன வைக்கலாம் என்று என்னிடம் கேட்கவில்லை. ஒரு நாள் என் போனில் வந்து விழுந்தது: "கை பேசி". நடுவில் இடைவெளி விட்டிருந்தாய். போனுக்குத் தமிழில் வைத்த பெயரே எங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், ஊருக்குத்தான் அது விளங்கவில்லை என்று கையால் சொல்லிச் சிரித்தாய்.

எல்லாம் இலவசம்தான் என்றாலும் ஒன்றும் இலகுவாக வரவில்லை. நெடுந்தீவில் சிக்னல் இல்லை. அலோசியஸ் கதைத்துக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிடும். காது கேட்கிறவனுக்குக் குரல் விட்டுவிட்டு வந்தாலும் அரைவாசியை ஊகிக்கலாம். கை நடுவழியில் நின்றால் என்ன செய்வது? "கூரை" என்று தொடங்கிய கை பாதியில் நின்று, நீ "கல்லறை" என்று விளங்கிக்கொண்டு, யாரோ செத்துப்போனார்கள் என்று அழுத கதை ஒன்று இருக்கிறதே. பிறகுதான் நேரடிக் கோலை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தாய். சிக்னல் வரும்போது அது தானாகப் போய்ச் சேரும். பின்னால் சுவரும் சாமிப்படமும் தெரிந்தால் கை வடிவாகத் தெரியாது என்று கருநீலச் சீலை ஒன்றைத் தைத்து முன் விறாந்தையில் தொங்கவிட்டாய். அதேபோல ஒவ்வொருவருக்கும் ஒன்று தைத்து என் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாய்.

இணையக் கூட்டத்திலும் ஒரு பிரச்சினை. காசு கட்டாதவர்களுக்கு அது குறித்த நேரத்தில் அறுந்துபோகும். கை கொண்டு கதைக்கிற கூட்டத்தில் ஒருவர் முடிக்கத்தான் மற்றவர் தொடங்கலாம். எல்லாரும் வணக்கம் சொல்லி முடிக்கவே அறுந்துவிடும். சங்கமாகப் பதிந்தால் தொண்டு அமைப்புகளுக்கு அதை முழுதாக இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று எங்கேயோ வாசித்துவிட்டு வந்தவள் டிலக்சி. பிரதேச செயலகத்துக்கு நீங்கள் இருவருமாகப் போய்ச் சங்கத்தைப் பதிந்தீர்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில். டிலக்சிக்குக் கொஞ்சம் தெரியும், மிச்சத்தை மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்த்தீர்கள். "உங்கள் அமைப்பின் நோக்கம் என்ன?" என்று ஒரு கேள்வி. அதற்கு நீ தமிழில் எழுதிக் கொடுத்ததை நான் பார்த்தேன்: "ஒருவரோடொருவர் கதைப்பது." டிலக்சி இன்னும் கொஞ்சம் நீட்டுங்கோ என்றாள். நீ மாட்டேன் என்றாய். அதோடுதான் அனுப்பினீர்கள். அதற்குத்தான் சம்மதமும் வந்தது. கூட்டம் அறாத செயலி, சுவரொட்டி செய்யும் பக்கம், வீடியோவுக்குக் கீழே எழுத்துப் போடும் வசதி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. மினிபஸ் வாடகை கட்டி ஓடுகிற எனக்கு, உலகத்தில் இப்படியும் சும்மா தருகிறார்களா என்று நம்ப முடியவில்லை.

பிறகு, பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் செயலி. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். இந்தியாவில் பேசுகிற தமிழைக் கேட்டுப் பழகிய செயலிக்கு எங்கள் பேச்சு எங்கே விளங்கும்? நீ முதன்முதலாகத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டருக்கு முன்னால் போனை நீட்டிவிட்டு வந்த நாள். வீட்டுக்கு வந்ததும் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாய். அதில் இருந்தது: "ரெண்டு கிழமை மருந்து குடிச்சிட்டுப் பேருந்து வாங்கோ."

நான் விளங்காமல் பார்த்தேன். "பஸ் வாங்கட்டாம்" என்று நீ காட்டினாய். "உன்ர முதலாளியிட்ட விலை கேள்."

பேந்து வாங்கோ, அதாவது பிறகு வாருங்கள், என்று அந்த டொக்டர் சொன்னதைத்தான் போன் பேருந்து ஆக்கியிருந்தது. இருவரும் குசினிக்குள் நின்று வயிறு நோகச் சிரித்தோம். ஆனாலும் அக்கா, அன்றைக்கு ஒன்றை நான் கவனித்தேன். பிழையாக எழுதினாலும் அது உனக்கு "ஒண்டுமில்லை" என்று சொல்லவில்லை. கேட்டதை எல்லாம் எழுதியது.

இனி அந்தப் புயல் நாளைச் சொல்லவேண்டும். நெடுந்தீவில் அதை இப்போதும் ஆட்கள் கதைக்கிறார்கள். ஆனால் உன் முற்றத்தில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாரி தொடங்கியிருந்தது. முதல்நாள் கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. காலையில் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து, காற்று வரப்போகிறது, ஒருவரும் தொழிலுக்குப் போகவேண்டாம், படகுகளை மேலே இழுத்துக் கட்டுங்கோ என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பஸ் ஓட்டமும் நின்றுவிட்டது. நான் உள்ளே வந்து உனக்குக் கையால் சொன்னேன். நீ மெசினிலிருந்து காலை எடுத்தாய்.

"இதை எங்கட ஆக்களுக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் போனால் ஊருக்கே சொல்லியாயிற்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நீ அந்த நீலச் சீலைக்கு முன்னால் போய் நின்றாய். நான் போனைப் பிடித்தேன். காற்று என்று இரண்டு கையையும் வீசினாய். கடல் என்று காட்டினாய். பிறகு இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்து, போகாதே என்றாய். படகை இழு, கயிற்றைக் கட்டு, உறுதியான வீட்டுக்குப் போ. ஒரு சொல்லும் குறையவில்லை, ஒரு சொல்லும் கூடவில்லை. குழுவுக்குப் போட்டாய். டிலக்சி அதற்குக் கீழே எழுத்தும் போட்டு முகநூல் பக்கத்தில் ஏற்றினாள்.

ஒவ்வொருவராகப் பதில் அனுப்பத் தொடங்கினார்கள். கட்டைவிரல், கும்பிடும் கை, "கட்டியாச்சு" என்று படகின் படம். நீ வீடியோவை அழுத்திப் பிடித்து யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாய். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அலோசியஸுக்கு மட்டும் அது போய்ச் சேரவே இல்லை. அவருக்குத் தனியாக அனுப்பினாய். ஒரே ஒரு சாம்பல் சரிக்குறி. அப்படியே நின்றது.

அவருடைய மனைவி பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தா என்று எனக்குத் தெரியும். நெடுந்தீவுத் துறையில் வேலைசெய்யும் ஒருவருக்குக் கோல் எடுத்தேன்.

"அலோசியஸ் அண்ணையோ? அவர் வெள்ளனவே வெளிக்கிட்டிட்டார். நேற்று விட்ட வலையை எடுக்கப் போனவர்."

"காத்து வருதெண்டு ஸ்பீக்கரில சொன்னதெல்லோ?"

"சொன்னதுதான் அண்ணை. எல்லாரும் திரும்பி வந்திட்டினம்." பிறகு அந்த மனுசனுடைய குரல் மாறியது. "ஐயோ. அவருக்குக் கேக்காதெல்லோ."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

நெடுந்தீவில் இரண்டு பேர் படகெடுத்துத் தேடிப் போகத்தான் வெளிக்கிட்டார்கள். அதற்குள் காற்று எழும்பிவிட்டது, அலை விடவில்லை. இங்கே எங்கள் முற்றத்தில் பனைகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. நான் நேர்த்தி வைத்தேன், நயினை அம்மனுக்கும் நெடுந்தீவு மாதாவுக்கும். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ நேர்த்தி வைக்கவில்லை. யோசித்துக்கொண்டு நின்றாய்.

"வீடியோ பெரிசு" என்றாய். "உந்தச் சிக்னலுக்கு அது போகாது."

திரும்பவும் சீலைக்கு முன்னால் நின்றாய். இந்த முறை அசையவில்லை. இரண்டு மணிக்கட்டும் குறுக்காக, முகத்துக்கு முன்னால். "படம் எடு" என்று கண்ணால் காட்டினாய். பிறகு ஒரு கையால் உன்னை நோக்கி அழைக்கும் இன்னொரு படம். வா. இரண்டே படம். அவற்றையும் வெட்டிச் சிறிதாக்கினாய், கையைத் தவிர ஒன்றும் தெரியாதபடி. அனுப்பினாய். போகவில்லை. திரும்பவும் அனுப்பினாய். கையொழியாமல் அனுப்பிக்கொண்டே இருந்தாய்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மழை தொடங்கி விறாந்தைக்குள் அடித்தது. சீலை அறுந்து பறந்தது. நீ போனைச் சட்டைக்குள் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டு இருந்தாய். திடீரென்று என் தோளில் அடித்தாய். ஒரு குறிக்குப் பக்கத்தில் இரண்டாவது குறி வந்திருந்தது. அவருடைய போனுக்குப் போய்விட்டது. ஆனால் பார்த்தாரா?

பிறகு அது நீலமானது.

பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை, அக்கா. அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் மோசம். பார்த்துவிட்டார், ஆனால் எங்கே நின்று பார்த்தார்?

கடைசியில் ஒரு துண்டு வீடியோ வந்தது. வானமும் தண்ணீரும் தலைகீழாக ஆடின. படகின் விளிம்பு தெரிந்தது. பொலித்தீன் பையோடு பிடித்த போன், எல்லாம் மங்கல். நடுவில் ஒரு கை. அந்தக் கை ஒரு அரைவட்டம் போட்டு நெஞ்சில் வந்து பொருந்தியது. அவருக்கும் உனக்கும் மட்டும் விளங்கும் பாசை. "என்னவாம்? என்னவாம்?" என்று நான்தான் உன் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"திரும்பிட்டாராம். கரை தெரியுதாம்."

அந்த நேரம் நீ நிலத்தில் இருந்துவிட்டாய். உள்ளங்கையால் நிலத்தை அடித்தாய். உன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அப்படியொரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. உனக்கு அது தெரியாது. உனக்குச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன், கையால் எப்படிச் சொல்வதென்று விளங்கவில்லை. இப்போது சொல்கிறேன். வடிவான சத்தம், அக்கா.

அலோசியஸ் பிறகு சொன்னார், சட்டைப்பைக்குள் இருந்த போன் நெஞ்சில் அதிர்ந்ததாம், எடுத்துப் பார்த்தால் உன் கையாம், வலையை வெட்டிவிட்டுத் திரும்பினாராம். அவர் கரையேறிய கையோடு வந்த காற்றில் நெடுந்தீவுத் துறையில் கட்டியிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன.

மழை விட்டபிறகு விதானையார் வந்தார். நல்ல மனுசன். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "பிள்ளை, இனி உங்கட வீடியோ போனபிறகுதான் ஸ்பீக்கர் போகவேணும். முதல் உங்களுக்கு" என்றார். நான் உனக்குக் கையால் சொன்னேன். நீ தலையை ஆட்டி மறுத்தாய்.

"முதல் வேண்டாமாம்" என்றேன் அவரிடம். "ரெண்டும் ஒரே நேரத்தில போனாப் போதுமாம்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. தண்ணீர் பவுசர் லொறி வரும் நாள், டெங்குப் புகை அடிக்கும் நாள், படகு ஓடாத நாள், எல்லாம் ஸ்பீக்கரில் போகும்போதே கையாலும் போகிறது. காது கேட்கிறவர்களும் உன் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். காற்றடித்தால் ஸ்பீக்கர் கேட்காத கரைகள் எத்தனை! பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் ஊர்ச் சனமும் பார்த்தது. ஒரு பொங்கல் வாழ்த்தை நீ கையால் சொன்னதற்கு வந்த இதயங்களை எண்ண முடியாமல் டிலக்சி விட்டுவிட்டாள்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது, பெரிய நோய்.

முன்பென்றால் டொக்டர் என்னிடம் சொல்வார். நான் வெளியே வந்து, முகத்தைத் துடைத்து, உனக்கு எவ்வளவு சொல்லலாம் என்று முடிவுசெய்திருப்பேன். நீ அந்தச் சந்தர்ப்பத்தை எனக்குத் தரவில்லை. போனை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாய். என்னென்ன கேட்டாய், டொக்டர் என்னென்ன சொன்னார், எனக்குத் தெரியாது. பெண்களுக்கு வரும் வருத்தம் அது. முன்பு ஆஸ்பத்திரியில் அந்த மாதிரி விசயங்களை நான் நடுவில் நின்று கேட்டுச் சொல்ல நேர்ந்தபோது நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

என் பஸ்ஸில்தான் திரும்பி வந்தாய். முன்சீற்றில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் ஒன்றும் அறியேன். எத்தனையோ நாள் கழித்துத்தான், ஒரு பின்னேரம் முற்றத்தில் வைத்துச் சொன்னாய்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"போன மாசம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நீ மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் காட்டினாய். "என்ர வாழ்க்கையில எல்லாம் உனக்கு முதல் தெரியும், பேந்துதான் எனக்கு. இது ஒண்டாவது எனக்கு முதல் தெரியட்டும் எண்டு."

உன்னைப் பார்த்துப் பெருமைப்படுவதா, அழுவதா? இரண்டையும் செய்தேன்.

ஏலாமல் படுத்திருந்த நாட்களிலும் நீ சும்மா இருக்கவில்லை. டிலக்சியையும் அலோசியஸையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, பக்கத்தின் கடவுச்சொல், சங்கத்தின் மின்னஞ்சல், கூட்டம் நடத்தும் உரிமை எல்லாவற்றையும் அவர்கள் பெயருக்கு மாற்றினாய். நிர்வாகிகளில் ஒருவனாக இருந்த என் பெயரை எடுத்துவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. தொடக்கத்திலிருந்து கூட நின்றவன் அல்லவா நான்?

"என்னை ஏன் எடுத்தனீ?" என்று கேட்டேன்.

என் கையைப் பிடித்துத் தடவிவிட்டுச் சொன்னாய்: "நீ காது கேக்கிறவன். வா, இரு, சாப்பிடு. ஆனா எங்கட வீட்டுக் கதவின்ர திறப்பு எங்களிட்ட இருக்கட்டும்."

அன்றைக்கு எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. உன் செத்தவீட்டில் விளங்கியது. தீவுகள் எல்லாவற்றிலிருந்தும் படகேறி உன் ஆட்கள் வந்தார்கள். நான் அழுதுகொண்டு இருந்தேன். யார் வரவேண்டும், எந்தப் படகு, யாரை எங்கே ஏற்றுவது என்று எல்லாவற்றையும் அவர்களே குழுவுக்குள் பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் உன் எண்ணம், இல்லையா? நீ இல்லாமலும், நான் இல்லாமலும் நடக்கவேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் மைக்கில் பேசினார்கள். பிறகு அலோசியஸ் உன் தலைமாட்டில் வந்து நின்று கையால் பேசினார். காது கேளாதவர்கள் எல்லாரும் பார்த்து அழுதார்கள். காது கேட்கிறவர்கள் ஒன்றும் விளங்காமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு மாமா என் கையைத் தட்டி, "என்னவாம் தம்பி?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று, ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். "கடல்ல எனக்கு ஒருத்தரும் பின்னால நிண்டு கூப்பிட ஏலாது. கூப்பிட்டாலும் கேக்காது. அக்கா ஒருத்திதான் முன்னால வந்து நிண்டு கூப்பிட்டவ."

இப்போதைய செய்தியையும் சொல்லவேண்டும். பக்கம் நன்றாக நடக்கிறது. டிலக்சி சனிக்கிழமைகளில் தாய்தகப்பன்மாருக்கு இணையத்தில் கைமொழி படிப்பிக்கிறாள். சிக்னல் இல்லாதவர்கள் அவளுடைய வீட்டுக்கே போகிறார்கள். அலோசியஸ் புது வலை வாங்கிவிட்டார். உன் தையல் மெசினை வேலணைத் தம்பதியின் மகள் கொண்டுபோனாள். உன் வீடியோக்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் அதிகம் பார்ப்பதில்லை. கை தெரியும்வரை பொறுப்பேன், முகம் தெரிந்தால் மூடிவிடுவேன்.

போன கிழமை நயினாதீவுப் படகிலிருந்து ஒரு இளம் தாய் இறங்கி வந்தா. இடுப்பில் ஒரு பெண்பிள்ளை, இரண்டு வயது இருக்கும். "அண்ணை, கையால படிப்பிக்கிற வதனியக்கா வீடு எங்க? பிள்ளைக்குக் காது கேக்காதாம் எண்டு சொல்லிப்போட்டினம்" என்று கேட்டா. அழுது முடித்த முகம். நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிலக்சியிடம் கூட்டிக்கொண்டு போகப் பஸ்ஸில் ஏற்றி முன்சீற்றில் இருத்தி, உன் பக்கத்தைத் திறந்து, பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கென்று நீ செய்த வீடியோ. தண்ணி, சோறு, பூனை, அம்மா. அம்மா என்று சொல்லும்போது நீ மூக்குத்தி இருக்கும் இடத்தைச் சுட்டுவிரலால் தொடுகிறாய், நினைவிருக்கிறதா?

பிள்ளை திரும்பத் திரும்ப அதையே பார்த்தது. தாய் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தா. வேலணை தாண்டும்போது பிள்ளை போனை மடியில் போட்டுவிட்டுத் தாயின் முகத்தைப் பிடித்துத் திருப்பியது. தன் மூக்கைச் சுட்டுவிரலால் தொட்டது. தாய் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டா. பிள்ளை கையைத் தட்டிவிட்டுத் திரும்பவும் தொட்டது. தாய் திரும்பவும் துடைத்தா.

நான் பஸ்ஸை ஓரமாக நிற்பாட்டினேன்.

"மூக்கு வடியேல்லைத் தங்கச்சி" என்றேன். "உம்மைக் கூப்பிடுறா. அம்மா எண்டு."

சனிக்கிழமை தோறும் அவர்களைத் துறையிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் டிலக்சியின் வாசலில் இறக்குவேன், அக்கா. அந்தப் பிள்ளை சொல்வது என்னவென்று தாய் என்னைத் திரும்பிப் பார்க்காமல் தானே விளங்கிக்கொள்ளும் நாள்வரை. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குப் பின் பிறந்த தம்பி,
குணம்
இறுப்பிட்டி